ஆயில் குடிக்கும் கார்: ஊற்றி ஓட்டுவதா, இன்ஜினைப் பிரிப்பதா, தள்ளிவிடுவதா?

சர்வீஸ் விட்டு மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. வண்டி நிற்கும் இடத்தில் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டினால், "ரிங் போயிருச்சு சார், இன்ஜின் வேலைக்கு வந்திருச்சு" என்கிறார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால், "இதெல்லாம் நார்மல்தான் சார், குறைஞ்சா டாப்-அப் பண்ணிக்குங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். முதல் ஆள் பேச்சைக் கேட்டால் பெரிய செலவு. இரண்டாவது ஆள் பேச்சைக் கேட்டால் ஒரு கேன் ஆயிலோடு முடிந்துவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு, பத்து வருடம் ஓடிய சொந்த உபயோகப் பெட்ரோல் காருக்கு, சில்லறை வேலைகளை முடித்துவிட்டு, குறையக் குறைய ஊற்றி ஓட்டுவதுதான் பெரும்பாலும் லாபம். இன்ஜினைப் பிரிக்க வேண்டிய வண்டிகள் உண்டு, ஆனால் பிரிக்கப்படும் வண்டிகளைவிட அவை குறைவு. தீர்மானிப்பது லிட்டர் கணக்கு மட்டும் இல்லை. மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், ஆயில் எந்த வழியாகப் போகிறது, இந்த இரண்டும் தெரியாமல் எந்த முடிவும் எடுக்கக்கூடாது.

எவ்வளவு குறைந்தால் கவலை?

எல்லா இன்ஜினும் கொஞ்சம் ஆயில் குடிக்கும். சிலிண்டர் சுவரில் ஆயில் படலமாக இருந்தால்தான் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேயாமல் ஓடும். அந்தப் படலத்தில் ஒரு பங்கு எரியத்தான் செய்யும். சண்டையெல்லாம் அளவில்தான். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் கையேடுகளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போகலாம் என்று அச்சடித்திருக்கிறார்கள். கேட்கச் சின்ன அளவுதான். 15,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்று கணக்குப் போட்டால் ஏழரை லிட்டர் ஆகிறது. 1.8 டிஎஸ்ஐ இன்ஜினில் மொத்தமாகப் பிடிப்பதே நாலரை லிட்டர் சுமாருக்குத்தான். ஆக, உள்ளே இருக்கும் ஆயிலை ஒன்றரைத் தடவை எரித்துத் தீர்த்தாலும் கையேட்டின்படி அது குறையே இல்லை.

டொயோட்டா இதே அளவை வேறு விதமாகப் பயன்படுத்தியது. அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரையிலான நான்கு சிலிண்டர் கேம்ரியில் இருந்த 2ஏஇசட்-எஃப்இ இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்று புகார் குவிந்தது. 1,200 மைல் ஓட்டிப் பார்த்து ஒரு குவார்ட்டுக்கு (ஒரு லிட்டருக்குச் சற்றே குறைவு) மேல் குறைந்தால் பிஸ்டனும் ரிங்கும் மாற்றித் தருகிறோம் என்று வாரண்டியை நீட்டினார்கள். நம் அளவில் மாற்றினால் இதுவும் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர்தான். ஒரு கம்பெனிக்கு எது "போகலாம்" என்ற எல்லையோ, அதுவே இன்னொரு கம்பெனிக்கு இன்ஜினைத் திறக்க வேண்டிய எல்லை. ஆகவே "நார்மல் சார்" என்ற பதிலை இன்ஜினுக்குச் சொன்ன வைத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வாரண்டிக் கணக்கு.

சுபாருவும் அங்கே இதே பஞ்சாயத்தில் மாட்டியது. 2011 முதல் 2014 வரையிலான ஃபாரஸ்டர் உட்படப் பல மாடல்களுக்கு, 2016-இல் முடிந்த வழக்குச் சமரசத்தில், வாரண்டி எட்டு வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் என்று நீண்டது. ஆடி ஏ4, ஏ5 கார்களில் இருந்த 2.0 டிஎஃப்எஸ்ஐ இன்ஜினுக்கும் தனி வழக்கு, தனி சமரசம். இஏ888 என்ற இதே இன்ஜின் குடும்பத்தின் 1.8 டிஎஸ்ஐ இன்ஜின்தான் ஸ்கோடா சூப்பர்ப், லாரா கார்களில் நம் ஊருக்கும் வந்தது. செகண்ட் ஹேண்ட் சூப்பர்ப் வாங்கப் போகிறவரிடம் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்கச் சொல்வது, "ஆயில் எவ்வளவு குடிக்குது?"

ஏன் இப்படி? பிஸ்டனில் மூன்று ரிங் இருக்கும். மேலே இரண்டு, அழுத்தத்தைப் பிடிப்பவை. மூன்றாவது, சுவரில் மிஞ்சும் ஆயிலை வழித்துக் கீழே விடுவது. வழித்த ஆயில் பிஸ்டனில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாகத் திரும்ப இறங்க வேண்டும். உரசலைக் குறைத்து மைலேஜ் கூட்டுவதற்காக ரிங்குகளை மெல்லிசாக்கினார்கள், அவை சுவரை அழுத்தும் பிடியைத் தளர்த்தினார்கள். ஆயில் மாற்றும் இடைவெளியும் கூடவே நீண்டது. துளையில் கரி அடைத்து, மூன்றாவது ரிங் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டால் வழிப்பதற்கு ஆள் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேல் இரண்டு ரிங்கும் நன்றாக இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்டில் எண் அழகாக வரும். "கம்ப்ரஷன் சூப்பரா இருக்கு, ரிங்ல ஒண்ணும் இல்ல" என்று மெக்கானிக் சொல்வது பாதி உண்மைதான். மூன்றாவது ரிங் ஒட்டியிருப்பதை அந்த மீட்டர் காட்டிக்கொடுக்காது.

முதலில் அளந்து பாருங்கள்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, மேல்கோடு வரை ஊற்றுங்கள். ஓடோமீட்டரைக் குறித்து வையுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அதே இடத்தில், அதே மாதிரி பார்த்து, மறுபடி மேல்கோட்டுக்கு வர எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்பதை அளவுக் கோடு போட்ட குவளையால் அளந்து எழுதுங்கள். டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் பெரும்பாலான கார்களில் ஒரு லிட்டர் சுமாருக்குப் பிடிக்கும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் அதிகப்படி ஆயில் காற்றோட்டக் குழாய் வழியாக எரியப் போய்விடும், கணக்கும் கெட்டுப்போகும்.

வாரண்டி இருக்கிற வண்டி என்றால் இந்த வேலையைச் சர்வீஸ் சென்டரிலேயே செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு டாப்-அப்பும் எத்தனை கிலோமீட்டரில், எத்தனை மில்லி என்று ஜாப் கார்டில் ஏற வேண்டும். வாய்ப்பேச்சாகப் போன புகாருக்கு மதிப்பில்லை. பின்னால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போக நேர்ந்தால் அந்தத் தாள்கள்தான் பேசும். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சில்லறை வேலைகள்

இன்ஜினைத் திறக்காமல் பார்க்கக்கூடியவை இவை. பலர் இங்கே நிற்காமல் நேராக ரிங்குக்குப் போய்விடுவதில்தான் பணம் பாழாகிறது.

வெளிக்கசிவு தரையில் சொட்டித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. சூடான சைலன்சர் குழாயில் விழுந்து அங்கேயே எரிந்துவிடலாம். நிறுத்தியதும் பானெட் பக்கம் கருகிய ஆயில் வாடை வந்தால், வால்வ் கவர் பேக்கிங், கிராங்க் சீல் (கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்து ஆயில் தடுப்பு), ஆயில் ஃபில்டர் அமரும் இடம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது பிசிவி வால்வ். சிலிண்டரிலிருந்து கீழே நழுவும் வாயுவை, ஆயில் துளிகளைப் பிரித்துவிட்டு, மறுபடி காற்றுப் பாதைக்கே அனுப்பும் ஏற்பாடு அது. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால், காற்றுப் பாதையின் உறிஞ்சல் ஆயிலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சோதிப்பது சுலபம். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தித் தூக்கிப் பாருங்கள். லேசான உறிஞ்சல் சகஜம். கையோடு வராமல் மூடி கெட்டியாக இழுத்துப் பிடித்தாலோ, மூடியை எடுத்ததும் அதுவரை கேட்ட விசில் சத்தம் நின்றாலோ, பிசிவியைச் சந்தேகப்படலாம். இஏ888 இன்ஜினில் இது மேலாகவே உட்கார்ந்திருக்கும், சில போல்ட்டுகளைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். அமெரிக்காவில் ஆடி டீலர்கள் கடைப்பிடித்த வரிசையும் இதுதான். முதலில் பிசிவி, கிராங்க் சீல் போன்ற வெளி வேலைகள், மறுபடி அளவு. அதற்கும் நிற்காவிட்டால்தான் பிஸ்டன், ரிங்.

மூன்றாவது, வால்வ் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல். இதை ஏற்காடு மலையில் கண்டுபிடிக்கலாம். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இறங்கும்போது காற்றுப் பாதையில் உறிஞ்சல் உச்சத்தில் இருக்கும். சீல் கெட்டிதட்டியிருந்தால் வால்வ் தண்டு வழியாக ஆயில் இறங்கிச் சேர்ந்துகொண்டே வரும். அடிவாரத்தில் சமதளம் வந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும், கண்ணாடியில் பாருங்கள், பின்னால் நீலமாக ஒரு புகை மூட்டம் எழும், கொஞ்ச தூரத்தில் கலைந்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகை தள்ளுவதும் இதே சீலைத்தான் காட்டுகிறது. சுமையோடு ஏறும்போது விடாமல் நீலப் புகை வந்தால் அது ரிங். வால்வ் சீலைப் பல இன்ஜின்களில், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்காமலே மாற்றலாம், தெரிந்த கை வேண்டும், அவ்வளவுதான். "ஹெட்டைக் கழற்றியே ஆகணும்" என்று சொன்னால் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

டர்போ வண்டியில், டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பிசுபிசுப்பாக இருப்பது பரவாயில்லை. தேங்கி ஊற்றினால் டர்போ சீல் போய்விட்டது. டீசலில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. டர்போ வழியாக நுழையும் ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியை அணைத்தும் நிற்காமல், இன்ஜின் தானாக உச்ச வேகத்துக்கு ஓடி உடையும் ஆபத்து உண்டு.

ஊற்றி ஓட்டினால் என்ன கணக்கு?

மேலே சொன்ன எல்லாம் பார்த்தாகிவிட்டது, ரிங்தான் என்று வந்துவிட்டது என்று வைப்போம். நல்ல ஆயில் லிட்டர் 700 ரூபாய், ஒரு சின்ன பெட்ரோல் காருக்கு ரிங் வேலை 50,000 ரூபாய் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம்.

மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர், ஆயிரத்துக்கு அரை லிட்டர் குடிக்கும் வண்டிக்கு, வருடம் ஆறு லிட்டர், 4,200 ரூபாய் செலவழிப்பார். 50,000 ரூபாய் வேலையை இந்த ஆயில் காசில் ஈடுகட்டப் பன்னிரண்டு வருடம் ஆகும். அதுவரை அந்த வண்டி இருக்குமா? ஆயிரத்துக்கு ஒரு லிட்டர் குடித்தாலும் ஆறு வருடம். அதே வண்டி டாக்சியாக மாதம் 5,000 கிலோமீட்டர் ஓடினால் கதை வேறு. அரை லிட்டர் கணக்கில் வருடம் 21,000 ரூபாய், இரண்டரை வருடத்துக்குள் வேலைக்கான காசு வந்துவிடும். ஒரு லிட்டர் கணக்கில் பதினான்கு, பதினைந்து மாதம் போதும். அதே ரிங், அதே தேய்மானம். ஒருவருக்குப் பிரிப்பது வீண், இன்னொருவருக்குப் பிரிக்காதது வீண்.

ஆயில் காசு மட்டுமே செலவு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பார்க் பிளக் சீக்கிரம் கரி பிடிக்கும். ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மெதுவாகச் சாகடிக்கும், அது விலை கூடிய உருப்படி, புகைச் சோதனையிலும் பிரச்சினை வரும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் அடிக்கும் டர்போ இன்ஜினில் கலக்கும் ஆயில், நேரம் தப்பிய எரிப்பால் வரும் தட்டலையும் உண்டாக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மறதி. பல சின்ன கார்களில் ஆயில் அளவைக் காட்டும் விளக்கே கிடையாது. இருக்கும் சிவப்பு விளக்கு அழுத்தத்துக்கானது. அது எரியும்போது ஆயில் எப்போதோ தீர்ந்திருக்கும், அந்த இடத்திலேயே வண்டியை அணைக்க வேண்டும். ஆயிரத்துக்கு ஒரு லிட்டர் குடிக்கும் வண்டியில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பினால் சுமார் 1,400 கிலோமீட்டர். மேல்கோடு வரை ஊற்றிக் கிளம்பியிருந்தாலும் சென்னை திரும்பும் முன்பே கீழ்க்கோட்டைத் தாண்டியிருக்கும். டிக்கியில் ஒரு லிட்டர் கேனும், இரண்டு டேங்க் பெட்ரோலுக்கு ஒரு தடவை டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கும் பழக்கமும் உள்ளவருக்குத்தான் இந்த வழி. வீட்டில் நான்கு பேர் மாற்றி மாற்றி ஓட்டும் வண்டி, பானெட்டை யாரும் திறப்பதில்லை என்றால் என் கணக்கை ஒதுக்கிவையுங்கள்.

ஆயிலை மாற்றிப் பார்ப்பது, ஊறவைப்பது

"20டபிள்யூ50 ஊத்துங்க, நின்னுரும்" என்பார்கள். பழைய அம்பாசிடர் காலத்து வைத்தியம். இந்த எண்களில் கடைசி எண் கூடக் கூட, சூட்டில் ஆயில் கெட்டி என்று அர்த்தம். கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் ஒரு படி கெட்டிக்கு மாறுவது, 5டபிள்யூ30-இலிருந்து 5டபிள்யூ40-க்குப் போவது மாதிரி, நியாயமானது, பலன் தரும் சாத்தியமும் உண்டு. ஆனால் 0டபிள்யூ20 கேட்கும் இன்ஜினில் கூழ் மாதிரி ஆயிலை ஊற்றினால் வால்வ் டைமிங் ஏற்பாடு தடுமாறும், குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். கெட்டித்தன்மையோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சூட்டில் எவ்வளவு ஆவியாகிறது என்பதைக் காட்டும் நோவாக் அளவு அது. ஆயிலுக்கான தர வரையறைகளில் சிலவற்றில் இது 15 சதவீதம் வரை போகலாம், சிலவற்றில் 13-க்குள் இருக்க வேண்டும். பத்துக்கும் கீழே உள்ள ஆயில்களும் கிடைக்கின்றன. ஒரே கிரேடில் கம்பெனி மாற்றியதும் குடிப்பது குறைந்தது என்று சிலர் சொல்வதில் மர்மம் ஒன்றும் இல்லை.

ஒட்டிய ரிங்கை விடுவிக்க, பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாகக் கரி கரைக்கும் திரவத்தை ஊற்றி இரவு முழுக்க ஊறவைப்பார்கள். கரியால் ஒட்டிய ரிங்குக்கு இது பலிக்கலாம், தேய்ந்த ரிங்குக்குப் பலிக்காது. செலவு குறைவு என்பதால் பிரிப்பதற்கு முன் ஒரு தடவை முயலலாம். ஒரே எச்சரிக்கை: மறுநாள் பிளக்கை மாட்டாமல், துளைகளின் மேல் துணியைப் போட்டு, இன்ஜினைச் சுழற்றித் திரவம் முழுவதையும் வெளியே தள்ள வேண்டும். உள்ளே திரவம் நிற்கும்போது பிளக்கை மாட்டி ஸ்டார்ட் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு புது ஆயில், புது ஃபில்டர். கேனில் வரும் "ஸ்டாப் ஸ்மோக்" வகைச் சரக்குகளைப் பற்றி எழுத எனக்கு ஆர்வமில்லை.

பிரிப்பதா, இன்னொரு இன்ஜினா?

பிரிப்பது என்று முடிவானால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். "ரிங் மட்டும் போட்டா போதும் சார்" என்று பேசிவிட்டு, போர், அதாவது சிலிண்டரின் உள்சுவர், தேய்ந்திருக்கிறதா என்று மேலும் கீழும் அளந்து பார்க்காமலே புது ரிங்கை மாட்டிவிடுவது நடக்கிறது. ஓவலாகத் தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் உட்காராது, கொஞ்ச நாளிலேயே பழைய கதை திரும்பும். போர் கேஜ் வைத்து அளந்த எண்ணைக் கேளுங்கள். அளவு எல்லைக்குள் இருந்தால் ஹோனிங்கும் (சுவரை லேசாகச் சொரசொரப்பாக்குவது) ரிங்கும் போதும். தாண்டியிருந்தால் லேத்தில் ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் என்று போக வேண்டும். இஏ888 மாதிரி வடிவமைப்பிலேயே கோளாறு உள்ள இன்ஜினில் பழைய வகைப் பிஸ்டனையே திரும்பப் போட்டால் காசைக் கரியாக்கியதுதான் மிச்சம், திருத்திய வடிவப் பிஸ்டனாகக் கேட்டு வாங்க வேண்டும். இந்த வகை இன்ஜினில் செலவு சின்ன காரைப் போலப் பல மடங்கு. வண்டியின் சந்தை விலையோடு ஒப்பிடாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மொத்தச் செலவு சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் பிரிக்கமாட்டேன்.

சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை மாதிரி இடத்தில் ஓடிய இன்ஜின் ஒன்றை எடுத்து மாட்டுவது சில நேரம் ரிங் வேலையைவிட மலிவாக வரும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அந்த இன்ஜின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு விற்பவர் வாய்தான் சாட்சி. அதே மாடல் இன்ஜின் என்றால் அதே நோயும் கூடவே வரலாம். தவிர, இன்ஜின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. ஆர்டிஓவில் மாற்றிப் பதியாமல், காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்லாமல் ஓட்டினால் விபத்து நடந்த அன்று கிளெய்ம் சிக்கலாகும், விற்கும்போதும் மாட்டும். ஒழுங்கான பில் தராத கடையில் இன்ஜின் எடுக்காதீர்கள். பிளாக் உடைந்த வண்டி தவிர மற்றவற்றுக்கு இந்த வழியை நான் சொல்வதில்லை.

விற்பது

பலருக்கு முதலில் தோன்றுவது இதுதான், ஆனால் கணக்கில் இது அடிக்கடி தோற்கும். ஆயில் குடிப்பதைச் சொல்லி விற்றால் வாங்குபவர் முழு இன்ஜின் வேலைக்கான காசையும் விலையிலிருந்து கழிப்பார். நீங்கள் செய்யாத, ஒருவேளை செய்யவே தேவையில்லாத வேலைக்கு உங்கள் பையிலிருந்து காசு போகிறது. பிறகு வாங்கும் பழைய வண்டி எவ்வளவு குடிக்கும் என்பதும் தெரியாது. வேறு காரணங்களுக்காகவும் மாற்ற நினைத்திருந்தால், கியர்பாக்ஸ் தகராறு, வரிசையாகச் சஸ்பென்ஷன் செலவு என்று இருந்தால், விற்றுவிடுவது சரி.

மறைத்து விற்பவர்கள் கெட்டி ஆயிலை மேல்கோடு வரை ஊற்றி, இன்ஜினைச் சூடாக்கி வைத்துக் காட்டுவார்கள். வாங்கப் போகிறீர்கள் என்றால், வண்டியை இரவே நிறுத்தி வைக்கச் சொல்லி, காலையில் நீங்கள் போன பிறகே முதல் ஸ்டார்ட் என்று பேசிக்கொள்ளுங்கள். சைலன்சர் முனைக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். உலர்ந்த கரி வந்தால் சரி, மை மாதிரி பிசுபிசுப்பாக ஒட்டினால் விலையைக் குறையுங்கள். விற்கிறவராக இருந்தால், நீங்கள் அளந்து எழுதிய தாளை அப்படியே கொடுங்கள். ஆயிரத்துக்கு நானூறு மில்லி, பிசிவி மாற்றியாகிவிட்டது, வால்வ் சீல் மாற்றியாகிவிட்டது என்று தேதியோடு இருந்தால், விவரம் தெரிந்தவர் அதற்கு ஐம்பதாயிரம் கழிக்கமாட்டார். அவரும் ஊற்றித்தான் ஓட்டப்போகிறார்.